கணக்கு அட்மின்தான், அனுமதி மட்டும் இல்லை: வாசகர் கேள்வி – பதில்

பழைய கணினியில் டிரைவர் (பிரின்டர், வைஃபை போன்ற சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) நிறுவும்போது ‘அனுமதி இல்லை’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும்’ என்று வரும் தடைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தச் செய்தி எல்லாக் கணினியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். ஆனால் தடுப்பது ஒரே ஆள் அல்ல. யார் தடுக்கிறார் என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. தெரியாமல் கையில் கிடைத்த பூட்டையெல்லாம் உடைத்தால் கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: 2010-ல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 7. அதில் இருப்பது என் கணக்கு ஒன்றுதான். பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றே இருக்கிறது. ஆனாலும் வைஃபை டிரைவரின் செட்டப்பை இயக்கினால், ‘இதை நிறுவ அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவை’ என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. நான் அட்மின் இல்லையென்றால் வேறு யார்?
— வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் அட்மின்தான். ஆனால் 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸின் நடைமுறை மாறிவிட்டது. அட்மின் கணக்கில் நுழைந்ததும் உங்களுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் எழுதப்படுகின்றன. ஒன்று சாதாரணப் பயனருக்கு உரியது, மற்றது முழு அதிகாரம் கொண்டது. நீங்கள் திறக்கும் புரோகிராம் எல்லாமே முதல் சீட்டை வைத்துக்கொண்டுதான் ஓடும். திரை மங்கி ஒரு பெட்டி வந்து ‘யெஸ்’ கேட்கிறதே, அதில் சம்மதம் சொன்னால் மட்டுமே இரண்டாவது சீட்டு கைக்கு வரும். யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக யூஏசி என்பது இதுதான்.

உங்கள் சிக்கலில் அந்தப் பெட்டியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விஸ்டாவுக்குப் பிறகு எழுதப்பட்ட செட்டப் கோப்புகள், ‘எனக்கு முழு அதிகாரம் வேண்டும்’ என்ற குறிப்பைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும். எக்ஸ்பி காலத்துச் செட்டப்களில் அந்தக் குறிப்பு கிடையாது. அவற்றுக்காக விண்டோஸ் ஒரு ஊகம் செய்கிறது. கோப்பின் பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் போன்ற சொல் இருந்தால் நிறுவும் கோப்பு என்று எடுத்துக்கொண்டு பெட்டியைக் காட்டும். வெறும் எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்த டிரைவர் கோப்பு இந்த ஊகத்துக்குத் தப்பிவிடும். அது சாதாரணச் சீட்டோடு ஓடத் தொடங்கி, தானே தன் அதிகாரத்தைச் சோதித்துப் பார்த்து, இல்லை என்று கண்டு நின்றுவிடுகிறது.

தீர்வு எளிது. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். ஒவ்வொரு முறையும் தேவைப்படும் கருவி என்றால் பிராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி தாவலுக்குப் போய் ‘ரன் திஸ் புரோகிராம் ஆஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கட்டத்தில் டிக் செய்துவிடலாம். அதே தாவலில் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 முறையையும் தேர்ந்தெடுக்க முடியும். ‘இந்த விண்டோஸுக்கு ஒத்துவராது’ என்று மறுக்கும் செட்டப்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் செட்டப்பையே ஒதுக்கிவிடலாம். பல நிறுவனங்களின் டிரைவர் கோப்பு முதலில் தன்னை சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் விரித்துவிட்டுத்தான் செட்டப்பைத் தொடங்கும். ஹெச்பி என்றால் ‘எஸ்டபிள்யூசெட்டப்’, லெனோவோ என்றால் ‘டிரைவர்ஸ்’, டெல் என்றால் ‘டெல்’ என்ற ஃபோல்டரைப் பாருங்கள். செட்டப் தோற்றுப்போயிருந்தாலும் டிரைவர் கோப்புகள் அங்கே இருக்கும். கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுள்ள சாதனத்தை ரைட் கிளிக் செய்து ‘அப்டேட் டிரைவர் சாஃப்ட்வேர்’, அடுத்து ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். ‘இன்க்லூட் சப்ஃபோல்டர்ஸ்’ டிக் இருக்கட்டும். நிறுவனத்தின் உபரி மென்பொருள் எதுவும் சேராமல் டிரைவர் மட்டும் ஏறும். பழைய லேப்டாப்புக்கு எங்கள் பரிந்துரை எப்போதும் இந்த வழிதான்.

கேள்வி: என்னிடம் இருக்கும் டிரைவர் எம்எஸ்ஐ வகைக் கோப்பு. ரைட் கிளிக் செய்தால் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ வரியே இல்லை. சாதாரணமாக இயக்கினால் பாதியில் 1603 என்று நிற்கிறது.
— வாசகி, தேனி

பதில்: விண்டோஸ் 7-ல் எம்எஸ்ஐ கோப்புக்கு அந்த வரி வராது. சுற்றுவழி உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கோப்பை ரைட் கிளிக் செய்தால் ‘காப்பி ஆஸ் பாத்’ என்று ஒரு வரி கூடுதலாகத் தெரியும், அதைக் கொடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, கிடைக்கும் கமாண்ட் பிராம்ப்டை ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறங்கள். கறுப்புத் திரையில் ரைட் கிளிக், பேஸ்ட், என்டர். மேற்கோள் குறிகளோடு கோப்பின் முழு முகவரி விழும், நிறுவல் முழு அதிகாரத்தோடு தொடங்கும்.

இப்படிச் செய்யும்போது கோப்பு உங்கள் கணினியின் சொந்த டிரைவில் இருக்க வேண்டும். நெட்வொர்க் வழியாக இணைத்த டிரைவில் இருந்தால் ‘பாதை கிடைக்கவில்லை’ என்றுதான் வரும். சாதாரணச் சீட்டோடு இணைத்த நெட்வொர்க் டிரைவ், அதிகாரச் சீட்டோடு ஓடும் புரோகிராமின் கண்ணுக்குத் தெரியாது.

1603 என்பது பொதுவான தோல்வி எண். அதற்கு அனுமதி சார்ந்த காரணம் பெரும்பாலும் ஃபோல்டரில் இருக்கும். எம்எஸ்ஐ கோப்பை உண்மையில் நிறுவுவது நீங்கள் அல்ல, ‘சிஸ்டம்’ என்ற உள்கணக்கு. கோப்பு இருக்கும் ஃபோல்டரிலும் நிறுவப்படும் ஃபோல்டரிலும் அந்தக் கணக்குக்கு முழு அனுமதி வேண்டும். ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் செக்யூரிட்டி தாவலைத் திறந்து பட்டியலில் ‘சிஸ்டம்’ இருக்கிறதா, அதற்கு ‘ஃபுல் கண்ட்ரோல்’ டிக் உள்ளதா என்று பாருங்கள். கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அது உங்கள் கணக்கால் பூட்டி வைக்கப்பட்ட என்கிரிப்டட் கோப்பு, சிஸ்டம் கணக்கால் அதைப் படிக்க முடியாது. சி டிரைவில் நேரடியாக ஒரு புது ஃபோல்டர் போட்டு, கோப்பை அங்கே நகலெடுத்து, பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் என்கிரிப்ட் டிக்கையும் எடுத்துவிட்டு இயக்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு விண்டோஸ் 7 லேப்டாப் வாங்கினேன். எதை நிறுவப் போனாலும் யூஏசி பெட்டி வருகிறது. ஆனால் ‘யெஸ்’ பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டமும் இல்லை.
— வாசகர், ஓசூர்

பதில்: பாஸ்வேர்டு கட்டம் இல்லை என்று சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. நோய் எது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. சாதாரணக் கணக்கிலிருந்து நிறுவ முயன்றால், பெட்டியில் அட்மின் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் வர வேண்டும். எதுவும் வரவில்லை என்றால் அந்தக் கணினியில் உயிரோடு ஒரு அட்மின் கணக்குகூட இல்லை. விற்றவர் தன் கணக்கை அழித்துவிட்டு உங்களுக்கு ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு போட்டுத் தந்திருக்கலாம்.

இந்த நிலைக்கென்றே விண்டோஸில் ஒரு வாசல் உண்டு. விஸ்டாவிலிருந்து ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயருள்ள உள்கணக்கு முடக்கப்பட்டே வருகிறது. ஆனால் வேறு அட்மின் கணக்கு எதுவும் இல்லாத நிலையில், அடிப்படைப் பகுதிகள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் மட்டும் அது உள்ளே விடும். கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன் எஃப்8 விசையை விட்டு விட்டுத் தட்டுங்கள். வரும் பட்டியலில் சேஃப் மோட். நுழைவுத் திரையில் அட்மினிஸ்ட்ரேட்டர் படம் தெரியும். முன்பு யாரும் பாஸ்வேர்டு வைத்திருக்காவிட்டால் சொடுக்கியவுடன் திறந்துவிடும்.

உள்ளே போய் டிரைவரை அங்கேயே நிறுவ முயல வேண்டாம். சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை ஓடாது, பல செட்டப்கள் புதுப் பிழை எண்ணோடு நின்று குழப்பும். கண்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸ், மேனேஜ் அனதர் அக்கவுண்ட், உங்கள் கணக்கு, ‘சேஞ்ச் தி அக்கவுண்ட் டைப்’, அட்மினிஸ்ட்ரேட்டர். அவ்வளவுதான். வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்து உங்கள் கணக்கில் நுழைந்து நிறுவுங்கள்.

ஒருவேளை பெட்டியில் முன்னாள் உரிமையாளர் பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் வந்திருந்தால் கதை வேறு. அட்மின் கணக்கு ஒன்று இருப்பதால் இந்த வாசல் திறக்காது. விற்றவரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நேர்வழி. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 25 எழுத்து உரிமக் குறியீடு அழியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு உடைக்கும் சிடி எதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அப்படி வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால் அந்தக் கணக்கில் என்கிரிப்ட் செய்த கோப்புகள் பிறகு திறக்காது. பழைய ஆள் என்னென்ன விட்டுவிட்டுப் போனார் என்று தெரியாத கணினியில் பேங்க் வேலை பார்ப்பதும் சரியல்ல.

கேள்வி: கடையில் பில் போட எக்ஸ்பி கணினி. புதிதாக வாங்கிய பழைய மாடல் பிரின்டரைச் சொருகியதும், சாதனம் நிறுவப் போதிய பாதுகாப்பு உரிமை இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டராக நுழையுங்கள் என்று வருகிறது. ‘ரன் ஆஸ்’ கொடுத்தாலும் ஏற்கவில்லை.
— வாசகர், ஈரோடு

பதில்: எக்ஸ்பியில் யூஏசி கிடையாது. ‘கம்ப்யூட்டர் அட்மினிஸ்ட்ரேட்டர்’, ‘லிமிட்டெட்’ என இரண்டே வகைதான். உங்கள் பில் கணக்கு லிமிட்டெட்.

‘ரன் ஆஸ்’ ஏற்காததற்குப் பெரும்பாலும் காரணம் அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு இல்லாததுதான். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நேரடியாகத் திரையில் நுழைய மட்டுமே எக்ஸ்பி அனுமதிக்கும், இன்னொரு கணக்கிலிருந்து கடன் வாங்க விடாது. கணக்குக் கட்டுப்பாடு பற்றிய பிழைச் செய்தி வந்தால் இதுதான் விஷயம். ‘ரன் ஆஸ்’ பெட்டியில் ‘புரொடெக்ட் மை கம்ப்யூட்டர்’ என்று தொடங்கும் ஒரு டிக்கும் உண்டு. நடப்புக் கணக்கையே தேர்ந்தெடுத்து அந்த டிக்கை விட்டுவைத்தால், அட்மினாக இருந்தாலும் செட்டப் கால் உடைந்த மாதிரிதான் நடக்கும்.

புரொஃபெஷனல் பதிப்பாக இருந்தால் வெல்கம் திரையில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு டெலிட்டை இரண்டு முறை தட்டுங்கள். பழைய பாணி நுழைவுப் பெட்டி வரும். பெயராக அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஆங்கிலத்தில் அடித்து நுழையலாம். ஹோம் பதிப்பில் அந்தக் கணக்கு சேஃப் மோடில் மட்டுமே தலைகாட்டும். அங்கே போய், மேலே சொன்னதுபோல் உங்கள் கணக்கின் வகையை மாற்றிவிட்டு வெளியே வாருங்கள்.

பிரின்டர் விஷயத்தில் இன்னொன்று. யுஎஸ்பி கேபிளை முதலில் சொருகுவதால்தான் பாதிப் பேருக்கு வேலை கெடுகிறது. அடையாளம் தெரியாத சாதனமாக அது பதிவாகிவிட்டால் பிறகு செட்டப் கண்டுகொள்ளாது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் பதிவை அன்இன்ஸ்டால் செய்து, கேபிளை எடுத்து, அட்மின் கணக்கில் டிரைவரை நிறுவி, செட்டப் கேட்கும் இடத்தில் மட்டும் சொருகுங்கள். வேலை முடிந்ததும் பில் கணக்கை மறுபடி லிமிட்டெட் ஆக்கிவிடுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பது உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு நல்லது.

கேள்வி: கணக்கின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறேன். புதிய மென்பொருள்கள் நன்றாகவே நிறுவப்படுகின்றன. பழைய ஸ்கேனரின் சிடி மட்டும் தற்காலிக ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்கிறது. அட்மினாக இயக்கியும் பயன் இல்லை.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம் மொழிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சிக்கல் இது. இதில் அனுமதிக் குறை எதுவும் இல்லை. கணக்கு தொடங்கும்போது தமிழில் பெயர் கொடுத்தால் சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் அதே தமிழ்ப் பெயரில் உங்கள் ஃபோல்டர் உருவாகிறது. தற்காலிக ஃபோல்டரும் அதற்குள்தான். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோட் தெரிந்த மென்பொருளுக்கு இது பொருட்டே இல்லை. யூனிகோட் தெரியாத பழைய செட்டப்போ, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கேள்விக்குறியாகப் படிக்கிறது. கேள்விக்குறி ஃபோல்டர் பெயரில் வரவே கூடாத எழுத்து. அப்படி ஒரு பாதையே இல்லாததால் ‘எழுத முடியவில்லை’ என்று புகார் செய்கிறது.

ரீஜன் அமைப்பில் ‘யூனிகோட் அல்லாத புரோகிராம்களுக்கான மொழி’யை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். ஜப்பானியம், ரஷ்யன் போன்ற மொழிகளுக்கு அது பலிக்கும். தமிழுக்கு விண்டோஸில் யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டுப் பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை, அதனால் அந்த வழி நமக்கு உதவாது.

செய்ய வேண்டியது: சி டிரைவில் ‘டெம்ப்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், என்விரான்மென்ட் வேரியபிள்ஸ். மேல்பாதியில் டெம்ப், டிஎம்பி என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டின் மதிப்பையும் அந்தப் புது ஃபோல்டருக்கு மாற்றுங்கள். பழைய மதிப்பைக் குறித்து வைத்துக்கொள்வது முக்கியம். சிடியில் உள்ளதையும் ஆங்கிலப் பெயருள்ள ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கிருந்து இயக்குங்கள். இதற்கும் சரிவராத செட்டப் என்றால் ஆங்கிலப் பெயரில் இன்னொரு அட்மின் கணக்கு தொடங்கி அதில் நுழைந்து நிறுவுங்கள். டிரைவர் கணினிக்கே பொதுவானது, உங்கள் தமிழ்க் கணக்கிலும் ஸ்கேனர் ஓடும். இருக்கும் கணக்கின் பெயரை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுவது வீண் வேலை. திரையில் பெயர் மாறும், ஃபோல்டர் பெயர் மாறாது.

கேள்வி: விண்டோஸ் 7, 64 பிட். அட்மினாகத்தான் நிறுவினேன். நிறுவியதாகவும் சொன்னது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி போகவில்லை, ‘கோட் 52’ என்கிறது. எந்த அனுமதி குறைகிறது?
— வாசகர், புதுச்சேரி

பதில்: அனுமதி எதுவும் குறையவில்லை. 52 என்றால், தயாரித்தவர் யார், கோப்பு மாற்றப்பட்டதா என்பதைக் காட்டும் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். 64 பிட் விஸ்டா, 7 முதல் கையெழுத்து சரியில்லாத டிரைவரை கெர்னல் என்ற தன் மையப் பகுதிக்குள் விண்டோஸ் விடாது. அட்மினாக இருந்தாலும் விடாது.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. எஃப்8 பட்டியலில் ‘டிசேபிள் டிரைவர் சிக்னேச்சர் என்ஃபோர்ஸ்மென்ட்’ கொடுத்துத் தொடங்குங்கள். அந்த ஒரு முறை சாதனம் வேலை செய்து, அடுத்த முறை சாதாரணமாகத் தொடங்கும்போது மறுபடி நின்றால் கையெழுத்துதான் காரணம். இதைச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இப்படியே தொடங்குவது தீர்வாகாது.

விண்டோஸ் 7 வெளிவந்தபோது டிரைவர் கையெழுத்துகள் எஸ்ஹெச்ஏ-1 முறையில் இருந்தன. பின்னாளில் வந்த டிரைவர்கள் எஸ்ஹெச்ஏ-2 முறைக்கு மாறிவிட்டன. புதிதாக விண்டோஸ் 7 போட்டு அப்டேட் எதுவும் ஏற்றாத கணினிக்கு இந்தப் புதுக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. முதலில் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். அதன் மேல் 2019-ல் வந்த அப்டேட்களான கேபி4490628, பிறகு கேபி4474419. இந்த வரிசையிலேயே ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, டிரைவரை மீண்டும் நிறுவுங்கள்.

அப்டேட்களைத் தேடும் முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, மின்சாரம் நின்றுபோன ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். கணினி 2009-ல் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தால் 2014-ல் செல்லத் தொடங்கும் கையெழுத்துச் சான்றிதழை ஏற்காது. டிரைவர் தேடிப் போகும் இணையதளங்களும் திறக்க மறுக்கும். 3 வோல்ட் காசு பேட்டரி ஒன்றுதான் செலவு. டெஸ்க்டாப் என்றால் பவர் கார்டை உருவிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வடித்துவிட்டு, கூட்டல் குறி மேலே பார்க்கும்படி மாற்றுங்கள். அதற்கு முன், விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்பான பயாஸில், ஹார்டு டிஸ்க் இணையும் சாட்டா முறை ஏஹெச்சிஐயா ஐடிஈயா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றியதும் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி இந்த முறை மாறிவிட்டால், விண்டோஸ் தொடங்கும்போதே நீலத் திரை வரும். பேட்டரி மாற்றி கணினி கெட்டுப்போனதாக நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பயாஸில் பழைய முறையைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: யூஏசியை மொத்தமாக அணைத்துவிட்டு, சிஸ்டம்32 ஃபோல்டருக்கு ‘டேக் ஓனர்ஷிப்’ எடுத்து எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் தீருமே?
— வாசகர், நெல்லை

பதில்: தயவுசெய்து வேண்டாம். சிஸ்டம்32-ல் உள்ள கோப்புகளில் பெரும்பாலானவற்றின் உரிமையாளர் நீங்களோ அட்மின் குழுவோ அல்ல, ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்ற சேவை. அந்த உரிமையைப் பிடுங்கினால் அப்டேட்கள் தடுமாறும், வந்த வைரஸ் எந்தக் கோப்பையும் மாற்றலாம், பழைய அனுமதி அமைப்பை கோப்பு கோப்பாகத் திரும்ப வைக்க எளிய வழியும் இல்லை. முறையாக எழுதிய எந்த டிரைவருக்கும் அந்த உரிமை தேவைப்படாது. விண்டோஸின் நிறுவல் சேவையே அதற்கு உரிய அதிகாரத்தோடு கோப்புகளை இடம் சேர்க்கும். யூஏசியை அணைத்தாலும் கையெழுத்துச் சோதனை, 32/64 பிட் பொருத்தமின்மை இவற்றில் எதுவும் மாறாது.

கேள்வி: பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 20 கணினிகள். மாணவர்களுக்குச் சாதாரணக் கணக்கு. வெப்கேமராவைச் சொருகும்போதெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் நானே ஓட வேண்டியிருக்கிறது. பாஸ்வேர்டை மாணவர்களிடம் கொடுத்துவிடலாமா?
— ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: கொடுக்க வேண்டாம், தேவையும் இல்லை. விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ‘டிரைவர் ஸ்டோர்’ என்று ஒரு கிடங்கு உண்டு. கிடங்குக்குள் டிரைவரைச் சேர்க்கத்தான் அட்மின் வேண்டும். சேர்த்துவிட்டால் பிறகு யார் சொருகினாலும் விண்டோஸே எடுத்துப் பொருத்திக்கொள்ளும்.

ஒவ்வொரு கணினியிலும் ஒரே ஒரு முறை: டிரைவர் ஃபோல்டரை சி டிரைவில் நகலெடுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறங்கள். பி, என், பி, யு, டி, ஐ, எல் என்ற ஏழு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். இடைவெளி விட்டு ஹைஃபனும் ஐயும், மீண்டும் இடைவெளி விட்டு ஹைஃபனும் ஏயும், கடைசியாக, டிரைவரை எப்படி நிறுவுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஐஎன்எஃப் கோப்பின் முழுப் பாதை. விண்டோஸ் 7-ல் இது போதும். என்டர் தட்டியதும் ‘ஓஇஎம்’ என்று தொடங்கும் புதுப் பெயர் ஒன்றைக் காட்டினால் கிடங்கில் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

ஐஎன்எஃப் கோப்பை ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அந்த முறை எல்லா ஐஎன்எஃப் கோப்புக்கும் பொருந்தாது. பல சாதன டிரைவர்களில் ‘இந்தக் கோப்பு இம்முறையில் நிறுவுவதை ஆதரிக்கவில்லை’ என்று வரும். அதைப் பார்த்து டிரைவர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கேமராவை வேறு யுஎஸ்பி துளையில் சொருகினால் மறுபடி புதிதாக நிறுவுவதையும் பார்த்திருப்பீர்கள். சீரியல் எண் இல்லாத சாதனத்தைத் துளைக்குத் துளை தனிச் சாதனமாகத்தான் விண்டோஸ் பதிவு செய்கிறது. கிடங்கில் டிரைவர் இருக்கும்வரை அதற்கு அட்மின் கேட்காது, சில விநாடி காத்திருந்தால் போதும்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு கணினியில் உள்ள பிரின்டரை எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்துகிறோம், எல்லாம் விண்டோஸ் 10. முன்பு யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. இப்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இது 2021-ல் வந்த மாற்றம். அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரின்ட் ஸ்பூலர் சேவையில் ‘பிரின்ட் நைட்மேர்’ என்ற பெரிய ஓட்டை தெரியவந்த பிறகு, அவ்வாண்டு ஆகஸ்ட் 10 அப்டேட்டிலிருந்து, இன்னொரு கணினியிலிருந்து பிரின்டர் டிரைவரை இழுக்க அட்மின் கட்டாயம் என்று மைக்ரோசாஃப்ட் ஆக்கிவிட்டது. விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை பூஜ்யமாக்கி இதை நீக்கச் சொல்லும் குறிப்புகள் கிடைக்கும். அது அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறப்பது.

ஒவ்வொரு கணினியிலும் அட்மின் ஒரு முறை டிரைவரை நிறுவிவிட்டால் போதும். பிரின்டர் இருக்கும் கணினியில் உள்ள அதே பதிப்பு டிரைவராக இருக்கட்டும். பதிப்பு வேறுபட்டால் விண்டோஸ் மறுபடி அங்கிருந்து இழுக்கப் பார்க்கும், மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். பிரின்டரில் நெட்வொர்க் துளை இருந்தால் பகிர்வையே விட்டுவிட்டு, ஐபி முகவரி கொடுத்து நேரடியாகச் சேர்ப்பது இன்னும் நல்லது.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு மேம்படுத்திய பழைய டெஸ்க்டாப். டிரைவர் செட்டப்பை இயக்கினால் சிவப்புப் பட்டையோடு ‘இந்த ஆப்பை இயக்க அட்மினிஸ்ட்ரேட்டர் தடை செய்துள்ளார்’ என்கிறது. தடை செய்த அட்மின் யார்? வீட்டில் நான் மட்டும்தான்.
— வாசகி, திருச்சி

பதில்: யாரும் தடை செய்யவில்லை, செய்தியின் வாசகம்தான் குழப்புகிறது. செட்டப் கோப்பில் உள்ள கையெழுத்தின் சான்றிதழ் பின்னாளில் ரத்து செய்யப்பட்டிருந்தாலோ நம்பகமற்றதாகக் குறிக்கப்பட்டிருந்தாலோ யூஏசி இப்படி மறுக்கிறது. கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. டிரைவர்களைத் திரட்டித் தரும் ஏதோ ஒரு தளம் என்றால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், தடை சரியானதே.

டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பிராபர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் தாவலில் ‘ஹார்ட்வேர் ஐடீஸ்’ தேர்ந்தெடுங்கள். வென் என்பதற்குப் பின் உள்ள நான்கு குறிகள் தயாரித்தவரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. தேவ் என்பதற்குப் பின் உள்ள நான்கு குறிகள் மாடல். இந்த இரண்டையும் வைத்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடினால் பல பழைய சாதனங்களுக்கு டிரைவர் கிடைக்கும். அங்கே கிடைப்பது கேப் என்ற சுருக்கப்பட்ட கோப்பு, செட்டப் எதுவும் இருக்காது. விரித்து, முதல் பதிலில் சொன்னபடி ஃபோல்டரைக் காட்டி நிறுவுங்கள்.

நிறுவிய பிறகும் ‘இந்தச் சாதனத்தில் டிரைவரை ஏற்ற முடியவில்லை’ என்ற அறிவிப்பு வந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் பகுதியைத் திறந்து ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒத்துவராத பழைய டிரைவர்களை அது ஏற்ற விடாது. முதலில் புதிய பதிப்பு டிரைவரைத் தேடுங்கள். வேறு வழியே இல்லாமல், அந்தச் சாதனம் கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: உபுண்டு போட்ட பழைய கணினியில் யுஎஸ்பி சீரியல் கேபிள். டிரைவர் இருக்கிறது, ஆனால் ‘பெர்மிஷன் டினைடு’. சூடோ போட்டால் மட்டும் ஓடுகிறது.
— வாசகர், சேலம்

பதில்: உங்கள் கணக்கு, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள ‘டயல்அவுட்’ என்ற குழுவில் இல்லை. அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு லாக் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் மாற்றம் தெரியாது. ஒவ்வொரு முறையும் முழு அதிகாரத்தோடு இயக்கும் சூடோ கட்டளை போட்டு ஓட்டினால், அந்தப் புரோகிராம் சேமிக்கும் கோப்புகள் ரூட் என்ற அட்மின் கணக்கின் பெயரில் விழுந்து, பிறகு அவற்றைத் திருத்த உங்களுக்கே அனுமதி இருக்காது. அப்படி ஏற்கெனவே விழுந்தவை இருந்தால் சவுன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.